டிரக் ஓட்டிக்கொண்டே ஆர்.வி. பார்க்: ராத்திரிக் கணக்கா, மாதக் கணக்கா?

கேள்வி இது: அமெரிக்காவில் கம்பெனி டிரைவராக நெடுந்தூர லோடு ஓட்டுகிறவர். மூன்று வாரம் ரோட்டில், மூன்று நாள் வீட்டில். ஐந்தாறு வருடத்தில் நாற்பது சைட் உள்ள ஆர்.வி. பார்க் ஒன்று திறக்க வேண்டும் என்பது கனவு. ஆர்.வி. என்பது படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி; அவை வாடகைக்கு நிற்கும் இடம் பார்க், ஒரு வண்டிக்கான இடம் சைட். ஓட்டிக்கொண்டே எப்படித் தயாராவது, எவ்வளவு பணம் தேவை, எங்கே சறுக்கும்?

முடியும். டிரைவர்களுக்கு இந்தத் தொழிலில் சில சாதகங்களும் உண்டு. ஆனால் நிலம் தேடக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி தங்கிப் போகிறவர்களுக்கான பார்க்கா, மாத வாடகைக்கு இருக்கிறவர்களுக்கான பார்க்கா? ‘ரெண்டும்தான்’ என்று சொல்லிவிட்டுப் பலரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். வங்கி கடன் தருமா, தண்ணீருக்கு எந்தச் சட்டம், வாடகை தராதவரை எப்படி வெளியேற்றுவது, கரண்ட் பில் யார் தலையில் விழும், ஆற்றங்கரையில் ஒரு வண்டி எத்தனை நாள் நிற்கலாம் என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த முடிவில்தான் இருக்கிறது.

கையில் இருக்கும் நேரம்

டிரைவரின் நாளை நடத்துவது, ஓட்டும் நேரத்தைத் தானே பதிவு செய்யும் ஈ.எல்.டி. பெட்டி. 10 மணி நேர ஓய்வு முடிந்து வேலை தொடங்கினால் 14 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டிவிட்டால் அரை மணி நேரமாவது நிறுத்த வேண்டும். 8 நாளில் 70 மணி நேர வேலை முடிந்தால், 34 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்துக் கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம். வண்டிச் சோதனை, டீசல், எடை மேடை, டாக்கில் (லோடு ஏற்றி இறக்கும் மேடையில்) காத்திருப்பு எல்லாம் அந்த 14-க்குள்தான். 10 மணி நேர ஓய்வில் குளியல், சாப்பாடு, தூக்கம், வீட்டுக்கு ஒரு போன் போக மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதை நம்பிப் பெரிய திட்டம் போட முடியாது.

பார்க் வேலைக்குப் பயன்படும் நேரம் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது. முதலாவது டாக். லோடு ஏற்றவும் இறக்கவும் முதல் இரண்டு மணி நேரத்துக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காசு கிடையாது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அலுவலகங்களுக்குப் போன் போட அதுவே தோதான நேரம். அவை திறந்திருப்பதும் பகலில்தான். நேர மண்டல வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது கமர்ஷியல் டிரைவர்களுக்கு மத்திய அரசு விதியிலேயே தடை. ஹெட்செட்டில் பேசலாம், ஆனால் எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற மண்டலச் சட்ட விவகாரத்தை ஓட்டிக்கொண்டே பேசினால் குறிப்பெடுக்க வழியில்லை.

இரண்டாவது, மாலை நேரம். இருட்டியபின் டிரக் ஸ்டாப்பில் இடம் கிடைக்காது என்று, ஓட்டுவதற்கு இன்னும் நேரம் மிச்சம் இருக்கும்போதே நான்கு, ஐந்து மணிக்கு நிறுத்திவிடுகிறீர்கள். மைல் கணக்கில் அது நஷ்டம். வரைபடம், பழைய பார்க் விற்பனை விளம்பரம், மாநில விதிப் புத்தகம் படிக்க அதுவே லாபம்.

மூன்றாவது அந்த 34 மணி நேரம். ஓய்வு நேரத்தில் சொந்த வேலைக்காக டிரக்கை ஓட்டுவது ‘பெர்சனல் கன்வேயன்ஸ்’ என்ற பதிவின் கீழ் சட்டப்படி சரி. லோடு ஏற்றியிருந்தாலும் சரிதான். ஆனால் லோடு போக வேண்டிய திசையில் முன்னேறுவதற்கு அதைச் சாக்காக்கக் கூடாது. கம்பெனி தன் விதியில் அதைத் தடுக்கவும் செய்யலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பக்கத்து ஊர் பார்க்கைப் போய்ப் பார்ப்பதற்கு இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி உண்டு. தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வரும் நாட்களில் வேறொருவரின் பார்க்கில் சம்பளத்துக்கு வேலை செய்தால், அந்த நேரமும் ஆன்-டியூட்டிதான். டிரக் கம்பெனி அல்லாத ஒருவருக்குக் கூலிக்குச் செய்யும் வேலையும் வேலை நேரத்தில் சேரும் என்று மத்திய விதியில் தெளிவாக இருக்கிறது. சனிக்கிழமை எட்டு மணி நேரம் அங்கே உழைத்துவிட்டு, திங்கட்கிழமை ‘34 மணி நேரம் ஓய்வெடுத்தேன்’ என்று பதிவு செய்தால் அது பொய்ப் பதிவு. விபத்து ஏதாவது நடந்தால் முதலில் தோண்டப்படுவது அந்தப் பதிவுதான்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது

பார்க் வரைபடம் போடும் இன்ஜினீயர் 40 அடி டிரைலரை ரிவர்ஸ் எடுத்திருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் தினமும் எடுக்கிறீர்கள். வளைவில் பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வெட்டும் என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். அதை வரைபடத்தில் கொண்டுவாருங்கள். பஸ் போன்ற கிளாஸ் ஏ மோட்டார்ஹோம் 45 அடி வரை வரும், பின்னால் ஒரு காரையும் இழுத்து வரும். பிக்கப்பின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரைலரும் அந்தப் பிக்கப்பும் சேர்ந்தால் 60 அடியைத் தாண்டும். நேராக நுழைந்து நேராக வெளியேறும் புல்-த்ரூ சைட் 70, 80 அடி நீளம் இருந்தால்தான் ராத்திரி வருகிறவர் வண்டியைக் கழற்றாமல் தூங்க முடியும். ஒரு ராத்திரி விருந்தாளிகள் தேடி வருவது அந்தச் சௌகரியத்துக்குத்தான். மாத வாடகைக்காரருக்கு அது வீண் செலவு. அவர் ஒருமுறை ரிவர்ஸ் போட்டு நிறுத்தினால் ஆறு மாதம் அசையமாட்டார்.

ரிவர்ஸ் சைட்டுகளை ஒருவழிப் பாதையின் இடது பக்கம் வையுங்கள். டிரைவர் ஜன்னல் வழியே டிரைலரின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே விடலாம். வலது பக்கம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ரிவர்ஸ். பென்ஷன் வாங்கிய பிறகு முதல்முறை டிரைலர் இழுக்கிறவர் உங்கள் தண்ணீர்க் குழாயையும் கரண்ட் கம்பத்தையும் இடிப்பது அங்கேதான். கம்பமும் குழாயும் வண்டியின் இடது பக்கம், பின்பகுதியில் வர வேண்டும். ஆர்.வி.யின் பிளக்கும் கழிவு வாயும் அந்தப் பக்கம்தான் இருக்கும். இதை மாற்றி வைத்த பழைய பார்க்குகளில், பக்கத்து சைட்டின் உட்காரும் மேஜைக்கு அடியில் கழிவுக் குழாய் ஓடும். அங்கே வந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

கரண்ட்

பணம் அதிகம் புதைவதும், தப்பு அதிகம் நடப்பதும் இங்கே. 30 ஆம்ப் சைட் என்பது ஒரே 120 வோல்ட் லைன், 3,600 வாட். 50 ஆம்ப் சைட்டில் 120 வோல்ட் லைன் இரண்டு, மொத்தம் 12,000 வாட். பெயரில் 30, 50 என்று இருப்பதால் இரண்டாவது ஒன்றரை மடங்குதான் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மூன்று மடங்குக்கும் மேல்.

தேசிய மின் விதியின் 551-ஆவது பிரிவு ஆர்.வி. பார்க்குகளுக்கானது. அதன் 2020 பதிப்பின்படி புதிய சைட்டுகளில் குறைந்தது 40 சதவீதத்தில் 50 ஆம்ப் பிளக் வேண்டும். சுமைக் கணக்கில் 50 ஆம்ப் சைட்டுக்கு 12,000, 30 ஆம்ப் சைட்டுக்கு 3,600 வோல்ட்-ஆம்ப். எல்லோரும் ஒரே நேரத்தில் முழுசாக இழுக்கமாட்டார்கள் என்று 36 சைட்டுக்கு மேல் 41 சதவீதம் எடுத்துக்கொண்டால் போதும். நாற்பதும் 50 ஆம்ப் என்றால் 4,80,000-இல் 41 சதவீதம் 1,96,800. அதை 240 வோல்ட்டால் வகுத்தால் 820 ஆம்ப். 800 ஆம்ப் சர்வீஸ் போதும் என்று விலை பேசியிருந்தால், அங்கேயே இடித்துக்கொள்ளும். பாதி 50, பாதி 30 என்றால் 533 ஆம்ப்தான். உங்கள் கவுண்டி எந்த வருடப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று முதலில் கேளுங்கள்.

அந்த 41 சதவீதம் குறைந்தபட்சம் மட்டும்தான். அரிசோனாவிலோ தென் டெக்சஸிலோ ஆகஸ்ட் மாலை ஐந்து மணிக்கு நாற்பது வண்டியிலும் ஏ.சி. ஓடும், மாத வாடகைக்காரர் வண்டியில் இரண்டு ஓடும். வெயில் ஊரில் கணக்குக்கு மேல் தாராளமாக விடுங்கள்.

அடுத்தது தூரம். மெயின் பேனலில் இருந்து 300 அடி தள்ளி ஒரு 30 ஆம்ப் சைட். 30 ஆம்பைத் தாங்கும் என்று 10 கேஜ் செம்புக் கம்பி போட்டுவிடுகிறார்கள் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன்). ஏ.சி.யும் தண்ணீர் ஹீட்டரும் சேர்ந்து 25 ஆம்ப் இழுத்தால், போகவர 600 அடிக் கம்பியில் சுமார் 18 வோல்ட் கரைந்துவிடும். வண்டிக்குப் போய்ச் சேர்வது 102 வோல்ட். பல வண்டிகளில் உள்ள பாதுகாப்புப் பெட்டி 104-க்குக் கீழே போனால் கரண்ட்டைத் துண்டிக்கும். அது இல்லாத வண்டியில் கம்ப்ரஸர் கருகும். 6 கேஜ் போட்டால் 112 வோல்ட் கிடைக்கும். இழப்பை 3 சதவீதத்துக்குள் வைக்க 2 கேஜ் வரை போக வேண்டியிருக்கும். கம்பியைத் தடிமனாக்குவதைவிட, ஆங்காங்கே டிரான்ஸ்பார்மரும் சின்னப் பேனலும் வைத்துத் தூரத்தைக் குறைப்பது பெரும்பாலும் மலிவு. பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் மின் கம்பெனியோடு இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

பழைய பார்க்கைப் பார்க்கப் போனால் கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். பேனலுக்கு மிகத் தூரமான கம்பத்தைத் தேடிப் போங்கள், மாலை நேரத்தில். 30 ஆம்ப் பிளக்கின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், துளைகளைச் சுற்றி பிளாஸ்டிக் டீக்கறை நிறத்தில் பழுத்திருக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, பிளக் ஆடி, சூடாகி வந்த நிறம் அது. வருகிறவர்கள் பிரேக்கரை அணைக்காமலே பிளக்கை இழுத்துப் பிடுங்குவதால் இப்படி ஆகும். ஒரு பிளக் மாற்றுவது சின்ன வேலை. நாற்பதில் முப்பது அப்படி இருந்தால், பார்க்கை யாரும் பல வருடமாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். மீட்டர் 108-க்குக் கீழே காட்டினால் கோளாறு பிளக்கோடு நிற்கவில்லை, மண்ணுக்குள் இருக்கிறது. விலையை அதற்கேற்றபடி பேசுங்கள்.

மாத வாடகைக்காரருக்குத் தனி மீட்டர் கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் கேஸ் வாங்காமல் இரண்டு மின்சார ஹீட்டரை ஓட்டி வாடகையில் பாதியை உங்கள் பில்லிலேயே திருப்பி எடுத்துவிடுவார். கரண்ட்டை என்ன விலைக்கு மறுபடி விற்கலாம் என்பதற்குப் பல மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு.

கழிவும் தண்ணீரும்

தட்டையான நிலம் பார்த்தால் டிரைவருக்குப் பிடிக்கும், கழிவுக் குழாய்க்குப் பிடிக்காது. 4 அங்குலக் குழாய்க்கு அடிக்கு எட்டில் ஒரு அங்குலமாவது சரிவு வேண்டும். 400 அடி ஓட்டத்துக்கு 50 அங்குலம், அதாவது நாலு அடிக்கு மேல். கால் அங்குலச் சரிவு கேட்கும் ஊரில் எட்டு அடி. நிலம் தட்டையாக இருந்தால் கடைசியில் பம்ப் தொட்டி கட்டி மேலே ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் அது நிற்கும், நாற்பது வண்டியின் கழிவும் கூடவே நிற்கும். சைட்டில் உள்ள கழிவு வாய் தரைமட்டத்திலேயே, சுற்றிலும் கான்கிரீட் போட்டு இருக்க வேண்டும். மூன்று அங்குலம் உயர்த்திக் கட்டிவிட்டால், தாழ்வாக இருக்கும் வண்டியின் தொட்டி காலியாகாது.

ஆர்.வி. கழிவு வீட்டுக் கழிவைவிடக் கெட்டி. தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றி, நாட்கணக்கில் தொட்டியில் தேக்கி, மொத்தமாக விடுகிறார்கள். சில வாசனை மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். தொட்டியில் நாற்றம் வராமல் பார்த்துக்கொள்ளும் அதே மருந்து உங்கள் செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் கிருமிகளையும் கொல்லும். பிறகு அரைகுறைக் கழிவு வடிகால் மண்ணுக்குப் போய் அடைக்கும். மண்ணில் ஒருமுறை அடைப்பு விழுந்தால் அந்தத் துண்டு நிலத்தைக் கைவிட்டு வேறு இடத்தில் தோண்ட வேண்டியதுதான். அதற்கான மாற்று இடத்தை முதல் வரைபடத்திலேயே காலியாக விட்டு வையுங்கள். எந்த மருந்து கூடாது என்று கவுன்ட்டரில் எழுதி ஒட்டுவதோடு, அனுமதிக்கும் மருந்தை நீங்களே விற்பது பலன் தரும்.

ஒரு சைட்டுக்கு நாளுக்கு எத்தனை கேலன் என்று மாநிலம் சொல்லும். உதாரணத்துக்கு 75 என்று வைத்தால் நாற்பது சைட்டுக்கு 3,000 கேலன். டெக்சஸில் நாளுக்கு 5,000 கேலன் வரை சாதாரண செப்டிக் அனுமதி போதும், அதற்கு மேல் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் கழிவுநீர் அனுமதி வாங்க வேண்டும். அது வேறு உலகம். குளியலறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கத்தான் சிலர் சைட் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

தண்ணீருக்குச் சொந்தக் கிணறு என்றால், 15 இணைப்புகள் இருந்தாலோ, வருடத்தில் 60 நாளாவது சராசரியாக 25 பேர் குடித்தாலோ, மத்தியச் சட்டப்படி உங்கள் கிணறு பொதுக் குடிநீர் அமைப்பு. வந்து போகிறவர்கள் மட்டும் குடித்தால் கிருமிச் சோதனை, நைட்ரேட் சோதனை போன்ற லேசான பட்டியல். வருடம் முழுவதும் குடியிருப்பவர்கள் 25 பேரைத் தொட்டாலோ, அவர்கள் பயன்படுத்தும் இணைப்பு 15 ஆனாலோ, சமுதாயக் குடிநீர் அமைப்பு என்ற வகைக்கு மாறிவிடும். ஈயம், செம்பு தொடங்கிப் பெரிய பட்டியல், உரிமம் பெற்ற ஆபரேட்டர் எல்லாம் வேண்டும். 20 மாத வாடகைக்காரர், தலைக்கு ஒரு துணை, 40 பேர். முடிந்தது கதை. ஊர்க் குழாய்த் தண்ணீர் வரும் நிலத்துக்கு ஏன் கூடுதல் விலை என்பது அப்போது விளங்கும்.

மாத வாடகை கொண்டுவரும் மற்றவை

மாத வாடகைக்காரர் நிம்மதியான வருமானம். ஜனவரியிலும் காசு வரும், தினமும் கவுன்ட்டரில் உட்கார வேண்டாம். அதற்கு விலையும் உண்டு. மத்தியச் சிறுதொழில் கடன் திட்டமான எஸ்.பி.ஏ.யில், பார்க் வருமானத்தில் பாதியாவது 30 நாளோ அதற்குக் குறைவாகவோ தங்குபவர்களிடமிருந்து வர வேண்டும். 20 சைட் மாதம் 600 டாலருக்கு என்றால் வருடம் 1,44,000. மற்ற 20 சைட் ராத்திரிக்கு 45 டாலர், 45 சதவீதம் நிரம்பினால் சுமார் 1,47,800. மயிரிழையில் பாதியைத் தாண்டுகிறது. ஒரு மழைக்காலம் சொதப்பினால் தாண்டாது.

வெளியேற்றுவதும் அப்படியே. ஒரு ராத்திரி விருந்தாளி காசு தராவிட்டால் ஓட்டல் விருந்தாளி போல அனுப்பப் பல மாநிலங்களில் வழி உண்டு. ஃப்ளோரிடா சட்டத்தின் 513-ஆவது அத்தியாயத்தில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது. நீண்ட நாள் இருப்பவர் குடித்தனக்காரர் ஆகிவிடுவார், கோர்ட் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். எத்தனை நாளில் அந்தக் கோடு என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல இடங்களில் தங்கும் வரியும் ஒரு குறிப்பிட்ட நாளுக்கு மேல் தங்கினால் இல்லை.

ஆற்றங்கரை நிலத்துக்கு ஒரு வார்த்தை. அழகாகவும் இருக்கும், விலையும் இறங்கி வரும். மத்தியப் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வரைபடத்தில் அது வெள்ளப் பகுதி என்றால், ஒரு ஆர்.வி. தொடர்ந்து 180 நாளுக்குக் குறைவாக நிற்க வேண்டும், அல்லது உரிமத்தோடு உடனே ரோட்டில் ஓடும் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொபைல் ஹோம் போல உயர்த்தி நங்கூரமிட்டிருக்க வேண்டும். மரப்படி, தாழ்வாரம், அடிப்பாகத்தை மூடும் தகடு எல்லாம் கட்டிக்கொண்ட மாத வாடகை வண்டி அந்த நிபந்தனையில் நிற்காது. 2025 ஜூலை 4 அதிகாலை டெக்சஸின் குவாடலூப் ஆற்று வெள்ளம் கரையோர ஆர்.வி. பார்க்குகளை அடித்துக்கொண்டு போனது. வண்டிக்குள் தூங்குகிறவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.

பணம்

புதிதாகக் கட்டினால் நிலம் தவிர்த்து ஒரு சைட்டுக்கு 15,000 முதல் 50,000 டாலர் வரை ஆகலாம். இடைவெளி பெரிது, காரணம் மண்ணும் கழிவும்தான். நடுவில் 30,000 என்று வைத்தால் நாற்பதுக்கு 12 லட்சம் டாலர். அது நிரம்ப இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதுவரை வட்டி கட்டக் காசு தனியாக வேண்டும். இதனால்தான் முதல் பார்க்கை ஓடிக்கொண்டிருக்கும் பழைய பார்க்காக வாங்குவது நல்லது. பெரும்பாலான டிரைவர்களுக்கு அதுதான் பொருந்தும்.

அதற்கும் கணக்குப் போடுவோம். 40 சைட், சராசரி 40 டாலர், பாதி நிரம்புகிறது: வருடம் 7,300 ராத்திரி, 2,92,000 டாலர். செலவு 45 சதவீதம் போக மிச்சம் 1,60,600. அந்த மிச்சம் விலையில் 9 சதவீதம் என்ற கணக்கில் விற்பவர் விலை சொன்னால் 17,84,000. நீங்கள் 15 சதவீதம் போட்டு மீதியை 25 வருடக் கடனாக 8 சதவீத வட்டிக்கு வாங்கினால், வருடத் தவணை சுமார் 1,40,500. கையில் நிற்பது 20,000 சொச்சம். டிரக்கை விட்டுவிட்டு வந்ததற்கு இதுவா? வங்கியும் ஒப்பாது. தவணையைப் போல் 1.25 மடங்கு மிச்சம் இருக்க வேண்டும் என்று வங்கிகள் பொதுவாக எதிர்பார்க்கும். அந்தக் கணக்கில் கடன் 13,87,000-ஐத் தாண்டக்கூடாது. விலை 16,32,000-க்கு இறங்கி வந்தால்தான் பேச்சு. விற்பவரே ஒரு பகுதியைக் கடனாக விட்டுவைப்பதும் இந்தத் தொழிலில் வழக்கம், கூச்சப்படாமல் கேட்கலாம்.

அந்த 45 சதவீதச் செலவில் மேனேஜர் சம்பளம் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரும் மனைவியும் பதினாறு மணி நேரம் உழைத்துவிட்டு, தங்களுக்குச் சம்பளமே போடாமல் லாபம் காட்டியிருப்பார்கள். டிரக்கிலேயே இருந்துகொண்டு நடத்த நினைக்கும் உங்களுக்கு அது நேரடி ஓட்டை. ‘சைட் இலவசம், பதிலுக்கு வாரம் இருபது மணி நேரம் வேலை’ என்று ஆர்.வி. தம்பதிகளை வைத்துக்கொள்வதும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

விற்பவரின் கணக்கை நம்ப வேண்டாம், வரித்தாக்கலைக் கேளுங்கள். அதோடு பன்னிரண்டு மாத கரண்ட் பில், தண்ணீர் பில். ‘பிப்ரவரியிலும் நிரம்பி வழியும்’ என்று சொன்ன பார்க்கின் பிப்ரவரி மின் அளவு ஜூலையில் கால்வாசிதான் என்றால் வழிந்தது வேறு எதோ. உரிமத்தில் எத்தனை சைட் என்று பார்த்துவிட்டு நடந்து எண்ணுங்கள். தாளில் 32, தரையில் 41 என்றால், கூடுதல் ஒன்பதுக்கு நீங்கள் காசு கொடுக்கப் போகிறீர்கள், கவுண்டி அவற்றை மூடப் போகிறது. கழிவுக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் செலவு, மொத்த விலையில் கொசு.

டெக்சஸில் பெரும்பாலான கவுண்டிகளுக்கு மண்டலச் சட்டம் போடும் அதிகாரமே இல்லை. ‘அங்கே எது வேண்டுமானாலும் கட்டலாம்’ என்ற பேச்சு அதிலிருந்துதான் வந்தது. கழிவு, தண்ணீர், வெள்ளம், பாதை விதிகள் அங்கேயும் உண்டு. பக்கத்து நிலத்துக்காரரும் நாளை பார்க் போடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

டிரக் பார்க்கிங்கையும் சேர்த்துப் போட்டால் என்ன என்று எல்லா டிரைவரும் கேட்பார்கள். வேண்டாம். 80,000 பவுண்டு வண்டி, ஆர்.வி.க்குப் போட்ட சரளைப் பாதையை முதல் மழையிலேயே உழுதுவிடும். குளிர்சாதன டிரைலரின் ரீஃபர் இன்ஜின் ராத்திரி முழுக்க உறுமும், காலையில் ஆர்.வி.க்காரர் விமர்சனம் எழுதுவார். இரண்டையும் எதிரெதிர் நிலத்தில் வைத்தால் சரி. உண்மையில் சிலருக்கு, மாத வாடகை டிரக் யார்டு மட்டும் போடுவதே நல்ல தொழில். பள்ளம் தோண்டும் செலவு அதில் சொற்பம்.

எப்போது இறங்குவது

பார்க் வந்ததும் கமர்ஷியல் டிரைவர் உரிமமான சி.டி.எல்.லைக் கைவிடாதீர்கள். மருத்துவச் சான்று காலாவதியானால் உரிமம் சாதாரண உரிமமாக இறங்கிவிடும். ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு வருடச் சான்று, அதற்கு மேல் போனால் ஒரு வருடமோ அதற்கும் குறைவாகவோ. டிரக் ஸ்டாப் சாப்பாடு கனவைத் தின்பது இந்த வழியாகத்தான். வடக்கில் உள்ள பார்க் என்றால் அக்டோபரில் மூடி ஏப்ரலில் திறக்கும். லோடு விலை ஓரளவு நன்றாக இருக்கும் விடுமுறைக்கால மாதங்கள் அந்த இடைவெளியில் விழுகின்றன. முதல் இரண்டு குளிர்காலம் அப்படி ஓட்டினால் தவணைக்கு மூச்சு விடலாம்.

குளிர்காலத்துக்கு மூடிவிட்டுக் கிளம்புவதற்கு முன், குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் லைனைக் காலி செய்யும் வேலையைப் பிறரிடம் விடாதீர்கள். கிணற்று பம்பை அணைத்து, ஒவ்வொரு சைட் குழாயையும் திறந்து, பம்பிலிருந்து மிகத் தூரமானதில் தொடங்கி 40, 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் ஒவ்வொன்றாக ஊதித் தள்ள வேண்டும். ஒரு குழாய் விட்டுப்போனால் ஏப்ரலில் பம்பைப் போடும்போது எந்த சைட் என்று தானே காட்டிக்கொடுக்கும், சேறாக.